தொண்டையில் கட்டி: சிகிச்சைக்கு ஓடும்போதே காகிதங்களைச் சரிபார்ப்பது எப்படி

பதினோரு வருடமாக மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். பெருங்குடியில் ஏசி அறையில் உட்கார்ந்து, அமெரிக்காவில் யாரோ ஒருவருடைய சார்ட்டைப் படித்து, என்ன நோய், உடம்பில் எந்த இடம், என்ன செய்தார்கள் என்று பார்த்து எண் போடுவது என் பிழைப்பு. சென்னையில் இந்த வேலை பார்ப்பவர் ஒருவராவது இல்லாத அபார்ட்மெண்ட் இருக்காது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட நான், 2024இல் என் அப்பாவுக்குக் குரல்வளையில் கேன்சர் என்று வந்தபோது, அவருடைய ஃபைலில் நாலு காகிதத்தில் நாலு விதமாக நோயின் பெயர் இருந்ததைக் கவனிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் கவனித்துவிட்டார்கள். கதிர்வீச்சு ஆரம்பிக்க வேண்டிய தேதியிலிருந்து 19 நாள் இழுத்தது.

அந்த 19 நாளில் நான் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை, அது டாக்டர் வேலை. மூக்கு, சைனஸ், தொண்டை, குரல்வளை, இந்தப் பகுதியில் எங்கே கட்டி என்றாலும் ஃபைல் எப்படி இருக்க வேண்டும், எதை எப்போது கேட்டு வாங்க வேண்டும், எங்கே பணம் வீணாகும் என்பது மட்டும்தான்.

1. முதல் ஓபி சீட்டில் 'எத்தனை நாளாக' என்ற வரியைப் படியுங்கள்

அப்பாவுக்கு ஜூன் மாதத்திலிருந்து குரல் கம்மல். ஐஸ் தண்ணீர் குடித்தது, ஏசி காற்று என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில்தான் வீட்டுக்குப் பக்கத்து இஎன்டி டாக்டரிடம் போனோம். அவர் மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்துவிட்டு, சீட்டில் குரல் கம்மல் என்று எழுதி, பக்கத்தில் '2/12' என்று போட்டார்.

இது டாக்டர்களின் பழைய பழக்கம். கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். 2/12 என்றால் இரண்டு மாதம். பிறகு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தபோது, அந்தச் சீட்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்றியவர் '2 வருடம்' என்று அடித்துவிட்டார். எங்கள் பாலிசி எடுத்து 20 மாதம்தான் ஆகியிருந்தது. அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று கேள்வி வந்தது.

விதிப்படி பார்த்தால், முன்நோய் என்பது பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்ததோ, ஆலோசனையோ சிகிச்சையோ தந்ததோதான். தொண்டை கரகரப்பாக இருந்தது என்பது மட்டும் முன்நோய் ஆகாது. ஆனாலும் கேள்வி கேட்கவும், அந்தக் கேள்வி முடியும்வரை பணத்தை நிறுத்தி வைக்கவும் அந்த ஒரு வரி போதும்.

அதனால் முதல் சீட்டை வாங்கியதும் மூன்றைப் பாருங்கள். பெயர், வயது, எத்தனை நாளாக. கையெழுத்து புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்: "சார், இது ரெண்டு மாசம்தானே?" மாதம் என்று எழுத்தில் எழுதித் தந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. பயாப்சிக்கு முன் டாக்டர் எழுதுவது சந்தேகம் மட்டுமே. பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவார். நோய்க்கும் அறிகுறிக்கும் படிவத்தில் போட ஆளுக்கொரு எண் உண்டு. அந்தக் கட்டத்தில் போட வேண்டிய எண் குரல் மாற்றத்துக்கு உரிய ஆர்49.0 போன்ற அறிகுறி எண்தான். அமெரிக்க வெளிநோயாளி சார்ட்டில் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று இருந்தால் கேன்சர் எண் போடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விதி. இங்கே பல இன்சூரன்ஸ் டெஸ்க்கில் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று பயாப்சிக்கே கேன்சர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். பயாப்சியில் குரல்நாணின் வெண்படலம் மட்டும் என்று வந்தால், அது ஜே38.3, கேன்சரே கிடையாது. ஆனால் இன்சூரன்ஸ் பதிவில் கேன்சர் உட்கார்ந்துவிடும். அதை எடுக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

2. பயாப்சி: ரிப்போர்ட் மட்டும் போதாது

திசுவை எடுத்துப் பாட்டிலில் போட்டு, கூடவே ஒரு படிவம் அனுப்புவார்கள். எங்கிருந்து எடுத்தது என்று அந்தப் படிவத்தில் என்ன எழுதினார்களோ, திசுவைப் பரிசோதிக்கும் டாக்டரான பேதாலஜிஸ்ட் பெரும்பாலும் அதையே ரிப்போர்ட்டின் தலையில் போடுவார். அவருக்கு வருவது ஒரு சின்னத் துணுக்கு. அதைப் பார்த்து என்ன வகை என்று சொல்வாரே தவிர, வலது நாணா இடது நாணா என்று சொல்ல முடியாது. எங்கள் படிவத்தில் 'தொண்டைக் கட்டி' என்று இருந்தது. ரிப்போர்ட்டிலும் 'தொண்டைக் கட்டி'. இரண்டாவது விதம் இப்படித்தான் பிறந்தது.

முடிந்தால் அறுவை அறைக்குப் போவதற்கு முன்பே டியூட்டி டாக்டரிடமோ நர்ஸிடமோ, படிவத்தில் இடத்தைத் தெளிவாகப் போடச் சொல்லுங்கள். அந்தப் பதற்றத்தில் இது தோன்றாது, தெரியும். எனக்கும் தோன்றவில்லை.

ரிப்போர்ட் கைக்கு வர சில நாள் முதல் ஒரு வாரம் ஆகும். கூடுதல் சாயப் பரிசோதனை தேவைப்பட்டால் இன்னும் நாலைந்து நாள். அதற்குத் தனி பில் போடுவார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வந்ததும் இவற்றைப் பாருங்கள்: எடுத்த தேதி, ரிப்போர்ட் தந்த தேதி, இடம், வகை, ஊடுருவியிருக்கிறதா இல்லையா. குரல்வளையில் பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்றுதான் வரும். சில ரிப்போர்ட்டின் அடியில் 8070/3 என்று ஒரு எண் இருக்கும். புற்றுநோய்ப் பதிவேடுகளில் பயன்படும் எண் அது. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள ஒற்றை இலக்கம் முக்கியம். 3 என்றால் ஊடுருவிய புற்று. 2 என்றால் மேல்தோலோடு நிற்பது. குரல்வளையில் அப்படி நிற்பதற்கு நோய் எண்ணே வேறு, டி02.0. கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி (பெரிய நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவது) வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு இலக்கம் லட்சக்கணக்கில் பணம். மேல்தோலோடு நிற்பதை அந்தப் பாலிசிகள் கேன்சராக எடுத்துக்கொள்வதில்லை.

ரிப்போர்ட்டோடு ஸ்லைடு, பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் என்பது திசுவைப் பதித்து வைத்த சிறு மெழுகுக் கட்டி. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டோ, ஜிஹெச்சோ, வேறு பெரிய மருத்துவமனையோ, நீங்கள் எங்கே போனாலும் அவர்களுடைய பேதாலஜிஸ்ட் ஒருமுறை பார்க்கக் கேட்பார். கையில் இல்லாவிட்டால் மறுபடி பயாப்சிதான். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மெழுகு என்பதால் மே மாத வெயிலில் கார் டாஷ்போர்டில் வைத்துவிட்டு சாப்பிடப் போய்விடாதீர்கள். உள்ளே வைக்க ஒரு டப்பா போதும்.

3. இடம், இடம், இடம்

நாம் 'தொண்டை' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். டாக்டரும் நம்மிடம் அப்படித்தான் பேசுவார். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் எண் புத்தகமான ஐசிடி-10இல் அந்த ஒரு சாணுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகள். எந்த வீடு என்று சொல்லாவிட்டால் கடிதம் போய்ச் சேராது.

மேலிருந்து இறங்கிப் பார்ப்போம். மூக்குக் குழி சி30.0. கன்னத்து சைனஸ் சி31.0, மற்ற சைனஸ்களுக்கு அதே சி31இல் அடுத்தடுத்த எண்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டை சி11. டான்சில் சி09, நாக்கின் அடி சி01, அதைச் சுற்றிய நடுத்தொண்டை சி10. இன்னும் கீழே உணவுக்குழாய் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே கீழ்த்தொண்டை சி13. அதன் பக்கத்துப் பள்ளமான பைரிஃபார்ம் சைனஸுக்கு மட்டும் தனியாக சி12. முன்பக்கம் குரல்வளை சி32. அதற்குக் கீழே மூச்சுக்குழாய் சி33.

பைரிஃபார்ம் சைனஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மூக்கு சைனஸ் எண்ணைப் போட்டவர்களை நான் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன். பெயரில்தான் சைனஸ், இருப்பது தொண்டையில்.

குரல்வளைக்குள் வந்தால் இன்னும் பிரிவு உண்டு. குரல்நாண் இருக்கும் இடம் சி32.0. அதற்கு மேலே சி32.1, கீழே சி32.2, குருத்தெலும்பு சி32.3. அடுத்தடுத்த இரண்டு பகுதிகளில் பரவி, எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாவிட்டால் சி32.8. இடமே எழுதாவிட்டால் சி32.9.

வம்பு வருவது எல்லையில் இருக்கும் இடங்களில். மூச்சுக்குழாயை மூடும் எபிகிளாட்டிஸை எடுத்துக்கொள்ளுங்கள். இலை மாதிரி மெல்லிய மூடி. நாக்கைப் பார்த்த முன்பக்கத்தில் கட்டி இருந்தால் சி10.1, அதாவது நடுத்தொண்டை. பின்பக்கத்தில் இருந்தால் சி32.1, குரல்வளை. ஒரே இலையின் இரண்டு பக்கம், எண்ணில் இரண்டு குடும்பம். அதை ஒட்டிய ஏரிஎபிகிளாட்டிக் மடிப்பும் அப்படித்தான். குரல்வளைப் பக்கம் என்று டாக்டர் எழுதினால் சி32.1. பக்கம் சொல்லாமல் மடிப்பு என்று மட்டும் எழுதினால் அது சி13.1 ஆகிவிடும், கீழ்த்தொண்டை. ஸ்கேன் ஒரு பக்கமும் டாக்டர் குறிப்பு இன்னொரு பக்கமும் சொன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது இரண்டு நோய்.

அப்பாவுக்கு வலது குரல்நாணில் கட்டி. சிடி ஸ்கேன் ரிப்போர்ட் அதைச் சரியாகச் சொல்லியது. ஆனால் கதிர்வீச்சுக்கு அனுமதி கேட்டு அனுப்பிய படிவத்தில் சி13.9, கீழ்த்தொண்டை என்று இருந்தது. கம்ப்யூட்டரில் தொண்டை என்று அடித்து, வந்த பட்டியலில் கைக்கு எட்டியதை எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆக, ஓபி சீட்டில் கேள்விக்குறியோடு குரல்வளை, பயாப்சியில் தொண்டை, சிடியில் வலது நாண், படிவத்தில் கீழ்த்தொண்டை. நாலு காகிதம், நாலு விதம்.

வலது, இடது என்பதற்குக் குரல்வளையில் தனி எண் கிடையாது. அதனால் எண்ணை மட்டும் பார்த்தால் தப்பு தெரியாது. எழுத்தில் எல்லாக் காகிதத்திலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சி32.9, சி14.0, சி39.0, சி76.0. இந்த நாலில் எது உங்கள் படிவத்தில் தெரிந்தாலும் நிறுத்திக் கேளுங்கள். முறையே குரல்வளையில் எங்கோ, தொண்டையில் எங்கோ, மேல் சுவாசப் பாதையில் எங்கோ, தலை கழுத்தில் எங்கோ என்று அர்த்தம். ஸ்கோப், பயாப்சி, சிடி எல்லாம் முடிந்த பிறகும் 'எங்கோ' என்று இருந்தால் அது சோம்பல்தான்.

கழுத்தில் நெறிகட்டிப் பரவியிருந்தால் அதற்கு சி77.0 என்று இரண்டாவது எண் வரும். அது துணை எண். மூல இடத்தின் எண் இல்லாமல் சி77.0 மட்டும் படிவத்தில் இருந்தால் அரைகுறை. மூல இடம் எவ்வளவு தேடியும் கிடைக்காத நோயாளிகளும் உண்டு, அவர்களுக்கு மட்டும் சி80.

இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்: "சார், எந்த இடம், எந்தப் பக்கம்னு ஒரே வரியில எழுதிக் குடுங்க. எல்லாப் படிவத்திலயும் அதையே போடச் சொல்றேன்." நான் கேட்டபோது டாக்டர் சிரித்துக்கொண்டே அரை நிமிடத்தில் எழுதித் தந்தார். முதல் நாளே கேட்டிருக்கலாம்.

4. ஸ்டேஜையும் எழுத்தில் வாங்குங்கள்

'ஆரம்ப ஸ்டேஜ்தான், பயப்படாதீங்க' என்பது ஆறுதல், ஆவணம் ஆகாது. டிஎன்எம் என்று மூன்று எழுத்தில் எழுதித் தருவார்கள்: டி கட்டி, என் கழுத்து நெறி, எம் வேறு இடத்துக்குப் பரவல். குரல்நாணில் ஒரு பக்கம் மட்டும் இருந்து, நாண் நன்றாக அசைந்தால் டி1ஏ, இரண்டு பக்கமும் என்றால் டி1பி, நாண் அசையாமல் நின்றுவிட்டால் டி3. நோய் எண்ணில் ஸ்டேஜ் வராது, அதனால் குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். டான்சில், நாக்கின் அடி என்றால் பி16 பரிசோதனை (கட்டிக்கு ஹெச்பிவி வைரஸ் தொடர்பு உண்டா என்று திசுவில் பார்ப்பது) முடிவும் வேண்டும். அது பாசிட்டிவா நெகட்டிவா என்பதைப் பொறுத்து ஸ்டேஜ் கணக்கே மாறும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு, படங்கள் பதிந்த டிஸ்க்கோ பென்டிரைவோ கேளுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது. பல டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தால் அந்தக் குறிப்பின் நகலையும்.

5. தப்பு இருந்தால் திருத்துவது எப்படி

எங்களுக்கு வந்த கேள்விகள் இரண்டு. இடம் ஏன் மாறுகிறது, இரண்டு வருடமாக அறிகுறி இருந்ததா. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த தம்பி நல்ல பையன், உடனே உதவ நினைத்து, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் '2 வருடம்' என்பதை அடித்துவிட்டுப் பேனாவால் 'மாதம்' என்று எழுதி சீல் வைத்து அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். காகிதத்தைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதிலேயே ஆறு நாள் போனது.

சரியான வழி இது. மூலக் காகிதத்தைத் தொடாதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரின் லெட்டர்ஹெட்டில் தனியாக ஒரு திருத்தக் கடிதம் வேண்டும். அதில் நோயாளி பெயர், மருத்துவமனை எண், எந்தத் தேதி சம்மரியில் எந்த வரி தப்பு, சரியானது எது, எதை வைத்துச் சொல்கிறார் (எங்களுக்கு ஆகஸ்ட் மாத ஓபி சீட்டு), கடைசியில் டாக்டர் கையெழுத்து, தேதி, பதிவு எண், சீல். பழைய ஓபி சீட்டின் நகலைக் கூடவே வையுங்கள். டாக்டரின் ஓபி நாளில் காலை முதல் டோக்கன் போட்டுப் போனால் அன்றே முடியும். நான் மதியம் போய் இரண்டு நாள் வீணாக்கினேன்.

நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. மருத்துவமனையில் எம்ஆர்டி என்று ஒரு பிரிவு இருக்கும், அங்கே கொடுங்கள். ஒரு நகலில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மூன்று வருடம் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. அதற்குமேல் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

பெயரும் இதில் சேர்த்தி. நம் ஊர் இனிஷியல் பிரச்சினை தெரிந்ததுதானே. ஆதாரில் இனிஷியல் பின்னால், பாலிசியில் அப்பா பெயரே முழுதாக, மருத்துவமனையில் இனிஷியல் முன்னால். அட்மிஷன் போடும்போதே ஆதார், பாலிசி இரண்டையும் கொடுத்து, பாலிசியில் உள்ளபடியே அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தப்பைத் திருத்தக் கேளுங்கள், உண்மையை மாற்றக் கேட்காதீர்கள். அப்பா சிகரெட் பிடித்தவர், 2009இல் விட்டார். 'புகைப்பழக்கம்' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லலாம் என்று ஒரு மாமா யோசனை சொன்னார். பாலிசி எடுக்கும்போதே அதை எழுதியிருந்ததால் எங்களுக்குப் பயமில்லை. புகையிலை, மது விவரத்தைக் குறிப்பில் எழுதுவதும் அதற்குரிய துணை எண்ணைப் போடுவதும் இந்த நோய்களுக்கு வழக்கமான நடைமுறை. 'முன்பு பிடித்தார், இன்ன வருடம் விட்டார்' என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள், அது போதும்.

6. பணம்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். சென்னைக்காரர்கள் ராஜாஜி சாலையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் பதியலாம், கட்டணம் கிடையாது. இழுப்பது வருமானச் சான்றுதான், பயாப்சி ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே அதற்கு மனு போட்டுவிடுங்கள். இதிலும் சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், பயாப்சி ரிப்போர்ட்டும் ஸ்கேனும் கேட்பார்கள்.

தனியார் பாலிசி என்றால், கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024 மே மாதச் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் கடிகாரத்தை நிறுத்தும் கருவி 'கேள்வி'. கேள்வி கேட்டுவிட்டால் பந்து உங்கள் பக்கம். அதனால்தான் கேள்வியே வராத மாதிரி ஃபைல் இருக்க வேண்டும் என்று இவ்வளவு பாடு.

கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் 24 மணி நேரம் படுக்க வேண்டியதில்லை, டே கேர் பட்டியலில் வரும். எஸ்டிமேட் வாங்கும்போது, பிளானிங் ஸ்கேன், முகத்துக்குச் செய்யும் மாஸ்க், நடுவில் எடுக்கும் ஸ்கேன், அதற்கு முன் பல் டாக்டர் செலவு இவையெல்லாம் உள்ளே இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 'சிட்டிங் ஒன்றுக்கு இவ்வளவு' என்று மட்டும் சொன்னால் மாஸ்க் தனி பில்லாக வரும். எங்களுக்கு வந்தது. அனுமதியும் மொத்த சிட்டிங்குக்கும் சேர்த்து ஒரே கடிதமாக வாங்கப் பாருங்கள். வாரா வாரம் புதுப்பிக்க வேண்டிய அனுமதி என்றால் வாரா வாரம் ஒரு டென்ஷன்.

மறுத்துவிட்டால்? முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், பாலிசிதாரர் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டை பக்கம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான கோரிக்கையை எடுத்துக்கொள்வார்கள். மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். பாலிசி இடைவெளி இல்லாமல் 60 மாதம் ஓடியிருந்தால், மோசடி தவிர வேறு காரணத்துக்காக முன்விவரம் மறைத்தீர்கள் என்று மறுக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரி: பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 1961 சட்டத்தில் 80டிடிபி என்று இருந்த பிரிவின்படி கேன்சர் சிகிச்சைச் செலவுக்கு 40,000 வரை, நோயாளிக்கு 60 வயது ஆகியிருந்தால் 1,00,000 வரை கழிவு உண்டு. இன்சூரன்ஸில் வந்த தொகையைக் கழிக்க வேண்டும். கேன்சர் நிபுணர் எழுதிய சீட்டு கையில் இருக்க வேண்டும். மார்ச் மாதம் ஓடாதீர்கள், சிகிச்சை நடக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ரயிலில் சலுகை இருக்கிறது. சிகிச்சைக்குப் போய்வரும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வருபவர் ஒருவருக்கு 75 சதவீதம் குறையும். மருத்துவமனை தரும் ரயில்வே படிவம் வேண்டும். கேட்டால்தான் தருவார்கள்.

7. சிகிச்சை நாட்களில் சேர்க்க வேண்டியவை

அப்பாவுக்கு 28 சிட்டிங், மொத்தம் 63 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தரை வாரம் என்று ஆரம்பித்தது. காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, இயந்திரம் பழுதான ஒரு நாள் என்று ஆறு வாரம் தாண்டியது. ஒவ்வொரு நாளும் அட்டையில் கையெழுத்து வாங்குங்கள். விட்டுப்போன நாளுக்கு என்ன காரணம் என்பதும் அதில் இருக்கட்டும், பில்லில் எண்ணிக்கை சரிபார்க்க உதவும்.

கதிர்வீச்சுக்காக மட்டும் வரும் நாளில் முதல் எண்ணாக இசட்51.0 வரலாம், அடுத்து சி32.0 வரும். இதைப் பார்த்து நோய் மாறிவிட்டது என்று பதற வேண்டாம். ஆனால் சி32.0 விடுபட்டு இசட் எண் மட்டும் இருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். வாய்ப்புண், விழுங்க முடியாமை, மூச்சுக்குத் துளை போட்டது, ரத்தசோகை, ட்யூப் வழி உணவு எதுவானாலும் டாக்டர் குறிப்பில் ஒரு வரி இருந்தால்தான் அதற்கான மருந்து பில் கூடவே நிற்கும். குறிப்பில் இல்லாததற்கு எண் போட முடியாது. எங்கள் தொழிலில் எழுதாதது நடக்காதது.

கடைசி நாளில் சிகிச்சைச் சுருக்கம் வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த அளவு, எத்தனை சிட்டிங், எந்த இடம். பின்னாளில் வேறு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

8. முடிந்த பிறகு

முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் பார்ப்பார்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு மந்தமாகலாம் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை. பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு எத்தனை நாள் செலவு கிடைக்கும் என்று பார்த்து, அதற்குள் வரும் முதல் ஸ்கோப், மாத்திரை பில்களைச் சேர்த்து வையுங்கள். எங்கள் பாலிசியில் 60 நாள், நான் 71ஆம் நாள் கொண்டுபோனேன்.

சிகிச்சை முடிந்து நோய் இல்லை என்று ஆனபின், சீட்டில் 'கேன்சர் நோயாளி' என்று தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இப்போது அது கடந்த வரலாறு, எண் இசட்85.2. சும்மா பரிசோதனைக்கு வந்த நாளுக்கு இசட்08. போன மாதம் அப்பாவுக்குச் சாதாரண ஜலதோஷம். ஓபி சீட்டில் '2/7' என்று இருந்தது. அப்பா கவுன்டரிலேயே நின்று, "ரெண்டு நாள்னு எழுத்துல போடுங்கம்மா" என்று சொல்லி மாற்றி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

ஃபைலை எப்படி வைப்பது என்று கேட்பவர்களுக்கு: தேதி வரிசை, பழையது மேலே. ஒவ்வொன்றையும் ஃபோனில் படமெடுத்து, கோப்பின் பெயரில் தேதியை முதலில் போடுங்கள். மூலப்பிரதியை இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால், கொடுக்கும் முன் மருத்துவமனையில் அட்டெஸ்ட் செய்த நகல் ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள். பயாப்சி ரிப்போர்ட்டின் மூலப்பிரதியை மட்டும் கூரியரில் அனுப்ப வேண்டாம், நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள்.